மாப்பிள்ளைக்குத் துணை

அவள் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்ப்பவள். இருபத்தோரு வருடமாக அதுதான் வேலை. காலை ஏழரைக்கு ஒரு கையில் கொக்கியும் தோளில் பையுமாகக் கிளம்பினால் மதியத்துக்குள் நூற்றிருபது வீடு. வாசலிலோ கொல்லையிலோ இருக்கும் இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்குவாள். உள்ளே ஈரமண்ணும் மரவட்டையும் கிடக்கும். விரலால் கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு, மூடியைக் காலால் தள்ளும்போதே கண் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தெருக்காரர்களுக்கு அவள் 'மீட்டர் அக்கா'. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். "உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்களேன்" என்று யாராவது சொன்னால், "தண்ணியை நீங்க குடிங்க, எவ்வளவு குடிச்சீங்கன்னு நான் பாத்துக்கறேன்" என்று நடந்துகொண்டே பதில் சொல்வாள்.

உட்காருவது அவளுக்கு ஆகாது. நின்றபடியே சாப்பிடுவாள், நின்றபடியே பேப்பர் படிப்பாள். பேருந்தில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு மழைக்காலக் காலையில், பழைய மாடி வீடு ஒன்றின் பின்படியில் பாசி வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டாகிவிட்டது. கட்டுப் போட்ட மருத்துவர், ஒன்றரை மாதத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது, மூன்று மாதத்துக்கு வேலை கிடையாது என்றார்.

"மூணு மாசமா? டாக்டர், நான் மூணு நிமிஷம் ஒரு எடத்துல இருந்ததில்ல."

"அதான் விழுந்தீங்க" என்றார் அவர்.

வீடு என்பது இரண்டாம் மாடியில் இரண்டு அறை. நடுவில் கதவு கிடையாது, திரைதான். அவள் கணவர் ஒரு மருத்துவமனையில் கொதிகலன் பார்ப்பவர். சலவைக்கும் சமையலுக்கும் இரவெல்லாம் நீராவி போய்க்கொண்டிருக்க வேண்டும், அது அவர் பொறுப்பு. காலை ஏழேகாலுக்கு வீடு திரும்புவார். அவள் கிளம்புவது ஏழரைக்கு. அந்தப் பதினைந்து நிமிடத்தில் பால், சாவி, மருந்து என்று நாலு வார்த்தை. அவர் மதியம் இரண்டு வரை தூங்குவார். அவள் ஆறரைக்கு வந்தால் அவர் எட்டுக்குக் கிளம்பிவிடுவார். அவளுக்கு ஞாயிறு விடுமுறை, அவருக்குப் புதன். பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கேட்டு அலுத்துவிட்டார்கள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் சண்டை என்று ஒன்று வந்ததில்லை என்று சொந்தக்காரர்கள் உதாரணம் காட்டும் ஜோடி அவர்கள்.

இப்போது பகல் முழுவதும் இரண்டு பேரும் அந்த இரண்டு அறையில். திரைக்கு அந்தப் பக்கம் அவர் தூக்கம், இந்தப் பக்கம் இவள் ஊன்றுகோல். டக், டக், டக். ஜன்னலுக்குப் போவாள், அடுப்படிக்குப் போவாள், மறுபடி ஜன்னல். தட்டு விழும். ரேடியோவைப் போட்டு உடனே அணைப்பாள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வரும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். மூன்றாம் நாள் ஊன்றுகோலின் அடியில் கெட்டியான ரப்பர் ஒன்றை மாட்டி வைத்திருந்தார், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

பத்தாம் நாள் அவள் தம்பி வந்தான். மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். நாற்பத்தைந்து வயதாகியும் அக்காவைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டான். அன்றைக்கு அவன் கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் ஒரே ஒரு மீன், கருநீல உடம்பும் சிவந்த செட்டைகளுமாக. வால் மட்டும் தனியாக யாரோ தைத்துக் கொடுத்தது போல மடிப்பு மடிப்பாக விரிந்து தொங்கியது.

"ஃபைட்டர் மீன்க்கா. பெட்டான்னும் சொல்லுவாங்க. இதைப் பாத்துட்டே இருந்தா மனசு அடங்குமாம். கடையில எழுதி ஒட்டியிருந்தாங்க."

"எனக்கென்னடா மனசுல? கால்லதானே அடி."

"உனக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

மீன் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

"பாருடா முறுக்கை! பட்டும் பவிசுமா வந்துட்டு, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறான். மாப்பிள்ளை முறுக்கு."

"இந்த வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை போதாதா?" என்று தம்பி திரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான். மீனுக்கு மாப்பிள்ளை என்றே பேர் நிலைத்துவிட்டது.

மனசு அடங்கும் என்று கடையில் எழுதியிருந்ததே, அது அவள் விஷயத்தில் நடக்கவில்லை. மேஜைமேல் கிண்ணத்தை வைத்து, எதிரே காலை நீட்டிக்கொண்டு நாள் பூராவும் பார்த்தாள். மாப்பிள்ளை கண்ணாடியை ஒட்டி இந்தக் கோடிக்குப் போவான், அந்தக் கோடிக்குத் திரும்புவான். மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்குவான். மறுபடி இந்தக் கோடி, அந்தக் கோடி. சில சமயம் கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்துவிட்டுச் செவுளை விரித்துக்கொண்டு முட்டுவான். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் இல்லாமல் தவிக்கிறான் என்று முடிவு கட்டினாள். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவளால் மறுநாள் வரைக்கும் பொறுக்க முடியாது.

"டேய், அவனுக்குக் கூட யாராவது வேணும். சின்னதா, சாதுவா ஏதாவது வாங்கிட்டு வா. இன்னைக்கே."

தம்பி மூன்று கப்பி மீன்களோடு வந்தான். விசிறி போன்ற வால்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். கிண்ணத்தில் விட்டதும் மாப்பிள்ளை செட்டையெல்லாம் விரித்து, உடம்பை வளைத்து, ஒரு சுற்றுச் சுற்றினான்.

"பாருடா, வரவேற்கறான்!" என்று அவள் கைதட்டினாள். தம்பியும் சந்தோஷமாகக் கடையைத் திறக்கப் போய்விட்டான்.

பத்து நிமிடத்தில் அது வரவேற்பு இல்லை என்று தெரிந்துவிட்டது. மஞ்சள் வால்காரனின் வாலில் பாதி தண்ணீரில் மிதந்தது. சிவப்பு வால்காரனை மாப்பிள்ளை அடிமூலையில் மடக்கியிருந்தான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால்தான் ஓடாதே! ஊன்றுகோல் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. "ஏங்க! ஏங்க!" என்று கத்தினாள். அவள் விழுந்துவிட்டாள் என்று நினைத்துக் கணவர் தூக்கக் கலக்கத்தில் திரையைக் கிழிக்காத குறையாக ஓடிவந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். டீ வடிகட்டியை எடுத்து வந்து கப்பிகளை ஒவ்வொன்றாக அள்ளி ஊறுகாய் ஜாடியில் விட்டார். ஒன்று ஏற்கெனவே செத்திருந்தது. இன்னொன்று சாயங்காலம் செத்தது. மிஞ்சிய ஒன்றைத் தம்பி பிறகு கடையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"அவனுக்குத் துணை வேணும்னு யார் கேட்டா? உனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்தார். படுத்தார், ஆனால் தூங்கவில்லை. கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது அவளுக்குக் கேட்டது.

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் சொன்னதையும்தான், செத்த மீன்களையும்தான். தம்பியிடம் நம்பர் வாங்கி அந்த வளர்ப்பு மீன் கடைக்குப் போன் செய்தாள். கடையை நடத்துவது ஒரு அம்மாள். குரலிலேயே கண்டிப்பு இருந்தது.

"மூணு லிட்டர் கிண்ணத்துல ஃபைட்டரும் மூணு கப்பியுமா? உங்க குளியலறையில நாலு குடும்பத்தைக் குடிவெச்சா எப்படி இருக்கும்?"

"எங்களுக்குத் தெரியலம்மா. என் தம்பி வாங்கறப்ப நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

"யாருக்கு வாங்கறீங்கன்னு கேட்டேனே. அக்காவுக்குன்னு சொன்னார்."

அவள் சிரித்துவிட்டாள். மறுமுனையும் கொஞ்சம் இளகியது.

"சரி, அவனுக்குத் துணை வேணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"தனியா இருக்கானே. அங்கயும் இங்கயும் முட்டிட்டே இருக்கான்."

"தனியா இருக்கறது வேற, தவிக்கறது வேறம்மா. ஃபைட்டருக்குத் தனிமைதான் ராஜபோகம். அவன் முட்டறது எடம் பத்தாம. அம்பது லிட்டர் தொட்டி, மூடி, செடி, மறைஞ்சுக்க நாலு மூலை, மொதல்ல இதைக் குடுங்க. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னுதானே சொல்றாங்க? வீடுதான் முதல்ல."

"அப்புறம் துணை விடலாமா?"

"விடலாம், விடாமலும் இருக்கலாம். விட்டா மூணு விஷயம் பாருங்க. அவனை மாதிரி உடுத்தியிருக்கக் கூடாது. கப்பியோட வாலைப் பாத்து எதிராளின்னு நெனைச்சுட்டான். அவன் உடுத்தியிருக்கறதைக் கடிக்கற பழக்கம் உள்ளதா இருக்கக் கூடாது. அவன் ஒலாத்தற எடத்துல வந்து நிக்கறதாவும் இருக்கக் கூடாது. இவ்வளவும் பொருந்தினாலும் ஒத்துப்போகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சில ஃபைட்டருக்கு நத்தையைக் கண்டாலே ஆகாது."

யாரோ ஒரு பல் மருத்துவர் காத்திருப்பு அறையை மாற்றிக் கட்டுகிறார் என்று அங்கிருந்த தொட்டியைத் தம்பி வாங்கி வந்தான். அதை வைக்கும் இடத்தில்தான் வேடிக்கை நடந்தது. கணவர் தூங்கப் போகாமல் நின்று, மேஜை நான்கு பக்கமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் சின்ன மோட்டாரைக் காதில் வைத்துக் கேட்டு, "இது பொழுதன்னைக்கும் முனகும்" என்று அடியில் பஞ்சு மடித்து வைத்தார். பிறகு குழாயடிக்கு வாளியோடு போனார்.

"குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்திடாதீங்க! கிருமிக்கு மருந்து போட்டிருக்காங்க. ஒரு நாள் வாளியில திறந்து வைக்கணும்" என்று அவள் கத்தினாள்.

"தண்ணியைப் பத்தி எனக்கும் கொஞ்சம் தெரியும்" என்றார் அவர். "கொதிகலனுக்குப் போற தண்ணியை ஷிப்டுக்கு மூணு வாட்டி சோதிக்கறவன் நான். உப்பு ஏறினா குழாய் வெடிச்சுடும்."

"மூணு வாட்டியா?"

"நாலுகூட ஆகும்."

அவள் அவரைப் பார்த்தாள். இருவருக்கும் பிழைப்பு தண்ணீர்தான் என்பது அதுவரை இருவருக்கும் தோன்றியதே இல்லை. மேலே ஏதாவது பேசியிருக்கலாம். ஆனால் அவர் கண் சொருகிக்கொண்டிருந்தது. திரைக்குள் போய்விட்டார்.

தொட்டித் தண்ணீர் பக்குவப்பட ஒரு மாதம் ஆகும், மாப்பிள்ளையை மட்டும் விட்டு, தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றிக்கொண்டிருங்கள், வேறு எதையும் விடாதீர்கள் என்று கடைக்கார அம்மாள் சொல்லியிருந்தாள். ஒரு மாதம்! அவளுக்கு அதைக் கேட்டதுமே உள்ளங்கால் அரித்தது, கட்டுக்குள் இருந்த கால்தான். அலுவலகத்தில் அவள் தெருக்களை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண் தினமும் போன் செய்து, "அக்கா, மூலை வீட்ல மூடி எங்க இருக்கு? பச்சை கேட் வீட்ல நாய் கடிக்குமா?" என்று கேட்பாள். முதல் வாரம் பன்னிரண்டு கேள்வி. பிறகு ஐந்து. பிறகு போனே வரவில்லை. தெருக்கள் அவள் இல்லாமலும் நடந்துகொண்டிருந்தன.

தொட்டி வைத்த பதின்மூன்றாம் நாள் மேல்மாடி டீச்சர் வீடு மாற்றிப் போனார். போகிற அவசரத்தில் ஒரு பாலித்தீன் பையை நீட்டினார். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட ஐந்து மீன்கள்.

"பார்ப் மீன். ரொம்பச் சாது. உங்க தொட்டியில போட்டுக்கங்க."

அவள் மூன்று விஷயத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை மாதிரி உடுத்தவில்லை, வால் சின்னதுதான். கடிக்காது என்று டீச்சரே சொல்கிறார். இடம் தாராளமாக இருக்கிறது. கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று கேட்கவில்லை.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மாப்பிள்ளையைக் காணவில்லை. தேடினால் மோட்டாருக்குப் பின்னால், சந்தில், ஒட்டிக்கொண்டு நிற்கிறான். மூச்சு விட மேலே வரும்போதெல்லாம் ஐந்தும் சேர்ந்து பின்னால் வந்தன. ஒன்று வாலைக் கடித்து இழுக்கும், அவன் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் இன்னொன்று இந்தப் பக்கம். அந்தப் பட்டு வால் கந்தலாகியிருந்தது. இத்தனை நாள் போக்கிரி என்று நினைத்தவன் அடிபட்டு ஒதுங்கி நின்றான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் கூட்டத்தை அவளே அல்லவா கொண்டுவந்து விட்டாள்!

அவரை எழுப்பக் கூடாது என்று நினைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒற்றைக் காலில் நின்று, வலையைத் தொட்டிக்குள் விட்டாள். பார்ப் மீன்கள் மின்னல் மாதிரி ஓடின. எட்டிப் பிடித்தாள். முழங்கை பட்டு மூடி சரிந்தது, அதைப் பிடிக்கப் போனவள் ஸ்டூலோடு சாய்ந்தாள். பக்கத்தில் நிறுத்தியிருந்த தண்ணீர் வாளி கவிழ்ந்து அறை முழுக்க வெள்ளம். கட்டு நனைந்துவிட்டது.

அவர் ஓடிவந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தார். கால் நகர்ந்துவிடவில்லை என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் வெடித்தார்.

"ஒரு எடத்துல உன்னால இருக்க முடியாது. மத்ததையாவது இருக்க விடறியா? அது பாட்டுக்கு இருந்த மீனு. நான் பாட்டுக்குத் தூங்கறவன்."

"ஆமா, நீங்க பாட்டுக்கு. எப்பவும் நீங்க பாட்டுக்குத்தான்! கூட இருந்தும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு."

"ராத்திரி பூரா நெருப்பு முன்னால நின்னுட்டு வர்றேன். என்ன பண்ணச் சொல்ற?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நாம சண்டையே போட்டதில்லன்னு எல்லாரும் சொல்றாங்களே, ஏன்னு தெரியுமா உங்களுக்கு? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்ல இருந்ததே இல்ல, அதான். கால் சரியாகி நான் தெருவுக்குப் போயிட்டா உங்களுக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதி."

சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. அவர் மின்விசிறியை அவள் கால் பக்கம் திருப்பி வைத்தார். தரையைத் துடைத்தார். தொட்டியில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு ஐந்து பார்ப் மீன்களையும் பொறுமையாகப் பிடித்து, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் போட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போனை எடுத்துப் போகவில்லை.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடை, பேருந்தில் இருபது நிமிடம். அவள் ஜன்னலுக்குப் போனாள், கதவுக்குப் போனாள், மறுபடி ஜன்னல். ஒரு நடை தொட்டிக்கு. மாப்பிள்ளை சந்தை விட்டு வெளியே வரவில்லை. தம்பிக்குப் போன் செய்யக் கையை வைத்தாள். என்னவென்று சொல்வது? சண்டை போட்டோம் என்றா? அந்த வீட்டில் யாரும் அதுவரை சொல்லாத வாக்கியம் அது. அவர் இன்னும் தூங்கவில்லையே, தூங்காமலே இன்றைக்கும் வேலைக்குப் போவாரே, கண் அசந்தால் கொதிகலன் முன்னால் என்ன ஆகும் என்று நினைப்பு எங்கெங்கோ ஓடியது.

மூன்று மணி நேரம் கழித்து அவர் வந்தார். கையில் காலித் தூக்கும், பேப்பரில் சுற்றிய காய்ந்த வாதாம் இலைகள் நாலும் இருந்தன.

"எங்க போனீங்க இவ்வளவு நேரம்?"

"கடையிலதான். அந்தம்மா நல்லாத் திட்டினாங்க. உனக்கும் சேத்து நானே வாங்கிக்கிட்டேன்." அவர் அவள் எதிரே, தரையில் உட்கார்ந்தார். "இந்த இலையை ஊறப் போடணுமாம். தண்ணி கஷாயம் மாதிரி ஆகும், பயப்பட வேணாம், புண்ணுக்கு நல்லதாம். மூணு வாரத்துக்கு யாரையும் கூட விடக் கூடாது. அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. அவன் எந்த நேரத்துல எந்தப் பக்கம் இருப்பான், எங்க தூங்குவான்னு. அதுக்குத் தக்கபடிதான் துணை சொல்ல முடியுமாம். எனக்குத் தெரியல. நான் அவனை அரைத் தூக்கத்துலதான் பாத்திருக்கேன். உனக்குத் தெரியுமா?"

தெரியாமல் என்ன? நாள் பூராவும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஜன்னல் பக்கம் மேல்மட்டம். பத்து மணிக்கு மேல் நடுவில் ஒரு சுற்று. சாப்பாட்டு நேரத்தில் வலது மூலை. தூக்கம், அகல இலைச் செடியின்மேல் படுத்தபடி. தரைப்பக்கம் இறங்குவதே கிடையாது. அவள் சொல்லச் சொல்ல, அவர் பழைய ஷிப்டு தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். எழுதும்போது நடுநடுவே தலை சாய்ந்தது. கடைசி வரியில் எழுத்து கோணிப் போய்ச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவள் அசையாமல் இருந்தாள். அசைந்தால் ஊன்றுகோல் விழும். இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள், விழுந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. கால் மரத்துப்போயிற்று. நினைப்பு மட்டும் அலைந்துகொண்டேதான் இருந்தது.

அவள் சொன்ன வார்த்தையைப் பற்றி இரண்டு பேரும் அதற்குப் பிறகு பேசவில்லை. ஆனால் அவர் காலையில் வந்ததும் படுக்கப் போகாமல் அரைமணி நேரம் தொட்டி முன்னால் உட்கார ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் வாலோரத்தில் கண்ணாடிபோல மெல்லிய புது விளிம்பு வளர்வதை அவள் விரல் வைத்துக் காட்டுவாள். வெப்பமானியைப் பார்த்து, "இருபத்தாறு டிகிரி, அரை டிகிரி ஏறியிருக்கு" என்பார் அவர், கொதிகலனைப் பற்றிப் பேசுவது மாதிரி. எவ்வளவு தண்ணீர் மாற்றுவது என்று வாக்குவாதம் வரும். வாளியில் கால்வாசி என்பாள் அவள், அரைவாசி என்பார் அவர். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். சில நாள் கோபத்தோடே தூங்கப் போவார். பத்தொன்பது வருடத்து மிச்சம் போல, நாலு நாளைக்கு ஒரு சண்டையாவது வந்தது.

இடையில் அவள் கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சிபோல இளைத்திருந்தது. தினமும் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பழக வேண்டும் என்றார்கள். அதில் மட்டும் யாரும் அவளை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

மூன்று வாரம் முடிந்த மறுநாள் அவர்கள் இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்கார அம்மாள் தாளை வாங்கிப் படித்தாள். "தரைக்கு எறங்கறதில்லையா? அப்ப வழி இருக்கு" என்று கீழ்த்தட்டில் இருந்த ஒரு தொட்டியைக் காட்டினாள். விரல்நுனி அளவு மீன்கள், மண் நிறம், வாயோரத்தில் குட்டி மீசை. மணலை மோந்துகொண்டு கூட்டமாகத் திரிந்தன.

"கோரி. அழகு கெடையாது, வாலும் கெடையாது, வம்புக்கும் போகாது. கீழேயே கெடக்கும். ஆனா ஒண்ணு ரெண்டு வாங்காதீங்க, ஆறு வேணும். தனியா விட்டா அதுங்க ஏங்கிப் போயிடும். அடியில மெல்லிசு மணல் போடுங்க, மீசை தேய்ஞ்சுடக் கூடாது. மாப்பிள்ளையைக் கிண்ணத்துல எடுத்து வெச்சுட்டு, செடியெல்லாம் எடம் மாத்தி நட்டு, இதுங்களை முதல்ல குடிவெச்சுடுங்க. ரெண்டு நாள் கழிச்சுக் கடைசியா அவனை விடுங்க. அவன் வந்து பாக்கறப்ப வீடு அவனுக்கும் புதுசா இருக்கணும். அப்பதான் என் எடம்னு சண்டைக்கு வரமாட்டான். அப்பவும் கண் வெச்சிருங்க. ஒத்துவரலன்னா பிரிச்சுடணும், பாவம் பாக்கக் கூடாது."

மாப்பிள்ளையைத் தொட்டியில் விட்டது ஒரு புதன்கிழமை காலை, அவருடைய விடுமுறை நாள். அவள் ஒரு பக்கம் வலையோடு, அவர் ஒரு பக்கம் டீ வடிகட்டியோடு. மாப்பிள்ளை இறங்கியதும் சுற்றும் முற்றும் பார்த்தான். செடிகளை ஒவ்வொன்றாகப் போய் மோந்தான். அதற்குப் பிறகுதான் கீழே ஏதோ அசைவதைக் கண்டான். செட்டை விரிந்தது, செவுள் விரிந்தது. அம்புபோலக் கீழே இறங்கினான். அவள் வலையைத் தண்ணீருக்குள் விட்டேவிட்டாள்.

"இரு, இரு" என்று அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கடிக்கப் போறான்!"

"ஒரு நிமிஷம் இரு."

மாப்பிள்ளை ஒரு கோரியின் முகத்துக்கு நேரே போய் நின்று தன் முழு அலங்காரத்தையும் காட்டினான். கோரி மணலை மோந்துகொண்டிருந்தது. மோந்துகொண்டே அவனுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அவன் இன்னொன்றிடம் போனான். அதுவும் அப்படியே. மூன்றாவதை ஒரு முட்டு முட்டினான். அது சற்று நகர்ந்து அங்கே மோந்தது. அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விரித்ததையெல்லாம் மெதுவாக மடித்துக்கொண்டு மேலே போனான்.

அன்று முழுவதும் அவர்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். அவள் சமைக்கும்போது அவர், அவர் குளிக்கும்போது அவள். அவன் அன்றைக்கு ஏழு தடவை கீழே இறங்கினான். மறுநாள் மூன்று. ஒரு வாரத்தில் இறங்குவதை விட்டுவிட்டான். சினேகம் என்று சொல்ல முடியாது. மேல் பாதி அவனுடையது, கீழ் பாதி கோரிகளுடையது. கோரிகள் காற்றுக்காகச் சட்டென்று மேலே பாய்ந்து திரும்பும்போது மட்டும் அவன் திடுக்கிட்டு ஒதுங்குவான். ஒரு நத்தையையும் விட்டுப் பார்த்தார்கள். அதன் கொம்பைக் கடித்துவிட்டான், நத்தையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் ஆகிறது, ஆறு கோரியும் இருக்கின்றன, அவனும் இருக்கிறான்.

விழுந்த மூன்றாம் மாதக் கடைசியிலேயே அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். மேடு பள்ளமில்லாத வேறு தெருக்களைக் கொடுத்தார்கள். பழைய தெருக்கள் அந்தப் புதுப் பெண்ணிடமே இருந்துவிட்டன. முதல் வாரம் அது அவளுக்கு வலித்தது. அதன் பிறகு புதுத் தெருவில் மூடிகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதிலேயே பொழுது போயிற்று.

அவருக்குப் பகல் ஷிப்டு தருவதாக மருத்துவமனையில் சொன்னார்கள். இரண்டு நாள் யோசித்தார்கள். "தினமும் ரெண்டு பேருக்கும் ராத்திரி பகல் ஒண்ணா இருந்தா நமக்கு ஒத்து வருமா?" என்று அவர்தான் கேட்டார். அவள் நேர்மையாக யோசித்து, "வராது" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவர் இரவு ஷிப்டிலேயே இருந்தார். ஆனால் மேலாளரிடம் கேட்டு விடுமுறையைப் புதனிலிருந்து ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டார்.

இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் வந்த முதல் ஞாயிறு அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. காலையில் தொட்டியைச் சுத்தம் செய்தார்கள், சமைத்தார்கள், சாப்பிட்டார்கள். மணி பன்னிரண்டரைதான் ஆகியிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், தட்டுகளை மறுபடி கழுவினாள், செருப்பை ஒழுங்காக அடுக்கினாள்.

"என்ன தேடற?"

"ஒண்ணும் தேடல."

"கால் வலிக்கலன்னா வெளியில போயிட்டு வரலாமா?"

"எங்க?"

"எனக்கென்ன தெரியும்? தெருவெல்லாம் உனக்குத்தானே தெரியும். நீ எந்தப் பக்கம் நடப்பியோ அந்தப் பக்கம்."

அவள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்கினார். தெருமுனையில் அவள் அவருக்காக நின்றாள். நிற்க முடியாமல் ஒரு காலை மாற்றி ஒரு கால் ஊன்றிக்கொண்டு நின்றாள். அவர் வந்து சேர்ந்ததும் இரண்டு பேரும் இடது பக்கம் திரும்பி நடந்தார்கள்.